அட்டை வைக்காமல் இட்ட குறிகள்

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை நாட்களைப் பற்றி எழுதும் பக்கம் இது. எனக்கு முப்பத்துநான்கு வயதுதான் ஆகிறது. பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, மகனைப் பார்த்துக்கொள்வதற்காக விட்டுவிட்டு வந்தவள். இதை ஓய்வு என்று சொல்லலாமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் ரேவதி விடவில்லை. நான் இருந்த ஆய்வகத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள். புதிய மென்பொருள் வந்துவிட்டதாம், இனிமேல் யாரும் கண்ணால் பார்த்துக் குறி போட வேண்டாமாம். புதிதாகச் சேர்ந்த பெண்கள், கணினித் திரைக்குப் பின்னால் ஏன் ஒரு காலண்டர் அட்டை தொங்குகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "நான் சொன்னா கதை விடுறேன்னு நினைக்குறாங்கக்கா. நடந்தத நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள்.

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். என் தவறை எழுதுவதா வேண்டாமா என்பதல்ல தயக்கம். அதில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதுமா என்று இன்னமும் தெரியவில்லை.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் நான் மூளை அலை பதியும் டெக்னீஷியனாக இருந்தேன். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். பி.எஸ்ஸி. முடித்து, இரண்டு வருட டிப்ளமோ படித்து, இருபத்துமூன்றாவது வயதில் அந்த இரண்டாம் மாடி அறைக்குள் போனேன். முதல் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். டேப்பை வைத்து மண்டையை அளப்பது. முடியை விலக்கித் தோலைத் தேய்த்து, ஜெல் வைத்து, எலக்ட்ரோடு என்ற சின்ன உலோகப் பொட்டை ஒட்டுவது. வந்திருப்பவர் பயப்படாமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் நானே பயந்த சுபாவம்.

எங்கள் தலைமை டாக்டர் மூர்த்தி சார். மைசூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்கு மாறிவிடுவார். கோபத்தில் குரல் உயராது, தாழும். அலைகளைப் படிக்க வரும்போது உட்காரமாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேலைத் திரையில் வைத்துப் பார்ப்பார். படிக்கும்போது பேசமாட்டார், நாமும் பேசக் கூடாது. நாம் எழுதித் தரும் அறிக்கையில் திருத்தம் எழுதும் வழக்கமும் கிடையாது. அவருக்கு முதலில் சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிடுவார். தவறு அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். நாம்தான் தேட வேண்டும். எது சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார்: "பாத்தியா, நெனச்சியா?" பார்த்தேன் என்றால் மேலே பேசலாம். நினைத்தேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் சாதாரண வலிப்பு நோய்ப் பதிவுகளோடு இன்னொரு வேலையும் நடந்தது. மனிதன் தானாக ஒரு அசைவைச் செய்யும்போது, அதற்கு முன்னால் மூளையில் என்ன நடக்கிறது, அவனுக்கு அது எப்போது தெரிகிறது என்று அளப்பது. திரையில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் ஒரு புள்ளி கடிகார முள் போல வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாற்காலியில் இருப்பவர் எப்போது தோன்றுகிறதோ அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு, அழுத்தலாம் என்று மனதில் பட்ட கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்படி நாற்பது, ஐம்பது தடவை.

ஒரு தடவையின் பதிவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் கிறுக்கல். ஆனால் எல்லாத் தடவைகளையும், விரல் அசைந்த கணம் ஒரே கோட்டில் நிற்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், கிறுக்கல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரு மெல்லிய ஏற்றம். உச்சந்தலைக்குக் கீழே, விரல் அசைவதற்கு ஒரு நொடிக்கும் முன்னாலேயே அது தொடங்கியிருக்கும். அழுத்தத் தோன்றியதாக அந்த நபர் சொல்லும் கணமோ, விரலுக்குக் கால் நொடி முன்னால்தான் இருக்கும்.

ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பையன் சோதனைக்கு வந்திருந்தான். தன் கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்போ வேலைய விடணும்னு என் மூளை ஏற்கெனவே முடிவு பண்ணியிருக்கும் மேடம். எனக்குத்தான் இன்னும் மெயில் வரல" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு மூர்த்தி சார் சொன்னார். "ஏறுதுன்னு சொல்லு. மூளை முடிவு பண்ணுதுன்னு சொல்லாத. ஏத்தத்தப் பாத்த. முடிவை எங்க பாத்த?" அன்றிலிருந்து அந்த ஏற்றத்துக்கு நான் வேறு பெயர் சொன்னதில்லை.

இதே முறை நோயாளிகளுக்கும் உதவும். சிலருக்குக் கையோ காலோ திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். நரம்புக் கோளாறால் நேராக வரும் இழுப்பு என்றால், அதற்கு முன்னால் அந்த ஏற்றம் இருக்காது. ஏற்றம் இருந்தால், நாம் தானாகக் கையை அசைக்கும் அதே பாதை வழியாக அந்த இழுப்பு வருகிறது என்று பொருள். அவர் நடிக்கிறார் என்று பொருள் அல்ல. அவருக்கு நான் செய்கிறேன் என்ற உணர்வே இல்லாமல் அது வருகிறது. அதுவும் நோய்தான், சிகிச்சையும் உண்டு. 'நடிப்பு' என்ற சொல்லை எங்கள் அறையில் யாரும் சொல்லக் கூடாது என்பது மூர்த்தி சாரின் சட்டம்.

அட்டைக்கு வருகிறேன். பதிவு முடிந்ததும் ஒவ்வொரு இழுப்பும் எந்தக் கணத்தில் தொடங்கியது என்று நாம் கண்ணால் பார்த்துக் குறி போட வேண்டும். திரையின் மேல் பாதியில் மூளைக் கோடுகள். கீழ்ப் பாதியில் கண் இமைக் கோடும் கைத் தசைக் கோடும். குறி போடும்போது மேல் பாதியை அட்டையால் மூடிவிட வேண்டும். முதல் சுற்றில் தசைக் கோட்டை மட்டும் பார்த்துக் குறி. இரண்டாம் சுற்றில் இமைக் கோட்டை மட்டும் பார்த்து, மூளைக் கோட்டைக் கலைக்கும் கண் சிமிட்டல் கலந்த இழுப்புகளைத் தள்ளுவது. மூளைக் கோடு கண்ணில் பட்டால், எதிர்பார்க்கும் பதிலுக்குத் தோதான இழுப்புகளை நம்மை அறியாமல் வைத்துக்கொள்வோம், மற்றதைச் சுத்தமாக இல்லை என்று தள்ளிவிடுவோம். கணினியிலேயே மறைக்க வழி இருந்தது. ஆனால் பக்கம் மாறும்போதெல்லாம் அது திறந்துகொள்ளும். அதனால் சிவாஜிநகர் ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர் அட்டையை அளவாக வெட்டி, இரண்டு கிளிப் போட்டு மாட்டியிருந்தோம்.

பேறுகால விடுப்பு முடிந்து நான் திரும்பிய நான்காவது மாதம் தனம் வந்தாள்.

இருபத்தேழு வயது. வாணியம்பாடிப் பக்கம். ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்துகொண்டு கார்மெண்ட் ஃபேக்டரியில் தைக்கப் போகிறவள். ஐந்து மாதமாக வலது கை தோளிலிருந்து வெட்டி இழுத்தது. தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் மாடிப்படியில் இறங்கும்போது இடுப்பில் இருந்த ஒன்றரை வயது மகள் யாழினியைக் கை உதறிவிட்டது. நான்கு படி. நெற்றியில் தையல். அன்றைக்கே ஓசூரிலிருந்து நாத்தனார் புஷ்பா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வியாதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் குழந்தையைக் கொண்டுவந்து விடுவேன், இவளாகச் செய்வது என்றால் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தனத்தின் கணவர் மணி பள்ளி வேன் ஓட்டுபவர், அக்கா பேச்சை மீறாதவர். இதையெல்லாம் நான் தலையில் ஜெல் வைத்துக்கொண்டிருந்தபோது தனமே சொன்னாள். குழந்தையைப் பார்த்து ஆறு வாரம் ஆகிவிட்டது என்றாள்.

இழுப்புக்காகக் காத்திருந்தோம். இடையில் வழக்கப்படி, இடது கையால் நான் சொல்லும் தாளத்துக்கு மேசையைத் தட்டச் சொன்னேன். தட்டியவரை வலது கை அமைதியாக இருந்தது. நிறுத்தியதும் இழுத்தது. கவனம் வேறு பக்கம் போனால் அடங்குகிறது என்று தாளில் எழுதினேன். உண்மையைச் சொன்னால், பதில் என்ன வரும் என்று அந்த நிமிடமே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

"மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், தன் கை அப்படி அடங்கியதைப் பார்த்தபின் "அக்கா" என்றாள்.

"அக்கா, எனக்கே தெரியாம நானே பண்ணுவனா?"

முடிவை டாக்டர் சொல்வார் என்றேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் எலக்ட்ரோடுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

எண்பத்துநான்கு இழுப்புகள் பதிவாகியிருந்தன. மதியம் அட்டையை மாட்டிக் குறி போடத் தொடங்கினேன். சுமார் இருபதாவது இழுப்பில் உச்சந்தலை எலக்ட்ரோடு சற்றே விலகியது நினைவுக்கு வர, அதைச் சரிபார்க்க அட்டையைக் கழற்றினேன். எலக்ட்ரோடு சரியாகத்தான் இருந்தது. அப்போது, மகனைப் பகலில் விட்டுவரும் அல்சூர் கிரெஷ்ஷிலிருந்து போன். மகனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரண்டு சுற்றையும் ஒன்றாகச் சேர்த்து, குறியும் போட்டு, வேண்டாததையும் தள்ளி, ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். அறுபத்திரண்டு இழுப்புகள் மிஞ்சின. சராசரி எடுத்தேன். அழகான ஏற்றம். பாடப் புத்தகத்தில் போடலாம்.

அட்டை மேசைமேல் கிடந்தது. அதைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்று நான் முடிவு செய்தேனா, மறந்துபோனேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அப்படி ஒரு கணமே ஞாபகத்தில் இல்லை.

திங்கட்கிழமை மூர்த்தி சார் ஸ்கேலை வைத்துப் பார்த்தார், பென்சில் கோடு போடாமல் கையெழுத்திட்டார். மணியும் தனமும் வந்தார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துப் பொறுமையாக விளக்கினார். இது நடிப்பல்ல, இது நோய், பயிற்சி கொடுத்தால் குறையும் என்று மூன்று விதமாகச் சொன்னார். மணி தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "சார், அக்காவுக்கு ஒரே வார்த்தைல சொல்லணும். அவளா பண்றாளா, இல்லையா?" என்றார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்றார் சார். முடியாது என்றதை மணி ஒரு பதிலாக எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மணி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். தனம் கதவருகே என்னிடம் நின்றாள்.

"அப்போ நான்தான் பாப்பாவக் கீழ போட்டனா அக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சார் அவ்வளவு நேரம் சொன்னதே அதைத்தான். ஆனால் அப்போதுதான் அட்டை என் நினைவுக்கு வந்தது. மேசைமேல் கிடந்தது, நான் ஐம்பது நிமிடத்தில் முடித்தது, எல்லாம். அவள் என் மௌனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டில் மகனுக்குக் கஞ்சி ஊட்டும்போது அவனுக்கு விக்கல் வந்தது. அவனைத் தூக்கி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன், தூக்கியதே பிறகுதான் தெரிந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் உணவு இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் கோப்பைத் திறந்தேன். அட்டையை மாட்டி எண்பத்துநான்கையும் மறுபடி குறித்தேன். இப்போது ஏற்றம் பாதியாகக் குறைந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடம் அந்த நிம்மதியே என்னைப் பயமுறுத்தியது. முதல் தடவை ஏற்றம் வரும் என்று எதிர்பார்த்துக் குறித்தவள், இரண்டாம் தடவை அது இல்லாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் குறித்திருக்கிறேன். தசைக் கோடு எந்த இடத்தில் கிளம்புகிறது என்பதில் நூலிழைச் சந்தேகம் எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகத்தை என் கை எந்தப் பக்கம் தள்ளியது? என் கையை வைத்தே என் கையைச் சோதிக்க முடியாது. இதற்கு மேல் நான் தனியாகச் செய்வதற்கு எதுவும் இல்லை.

மூர்த்தி சார் அறைக்கு முன்னால் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை கதவைத் தட்டினேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், இரகசியமாக மறுபடி குறித்தது உட்பட. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் தாழ்ந்து கன்னடத்தில் வரும் என்று காத்திருந்தேன்.

தமிழில்தான் பேசினார். "எத்தனாவது இழுப்புல அட்டைய எடுத்த?"

"இருபது இருக்கும் சார்."

"பாத்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன் சார். சரியாத் தெரியல."

"கையெழுத்துப் போடறப்ப அட்டை இருந்ததான்னு நான் கேக்கணும். கேக்கல" என்றார். பிறகு, நாமிருவரும் இனி இந்தக் கோப்பைத் தொடக் கூடாது, ரேவதி நோயாளியைப் பார்த்ததில்லை, அவள் குறிக்கட்டும், யாருடைய பதிவு, என்ன சந்தேகம் என்று அவளுக்குச் சொல்லக் கூடாது என்றார். அந்தக் குடும்பத்தை மறுபடி கூப்பிட்டு, நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அது எனக்குத் தண்டனையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ரேவதி புதன்கிழமை காலை உட்கார்ந்தாள். அப்போது அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பக்கத்து அறையில் வேறொருவருக்கு ஜெல் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பொத்தானைத் தட்டும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. ஒரு தட்டு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு தட்டு. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. சாரும் நானும் போய் நின்றோம். ரேவதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஐம்பத்தெட்டு மிஞ்சியிருக்கிறது, தப்பா ஏதாவது பண்ணிட்டேனா என்றாள். சராசரி எடு என்றார் சார்.

ஏற்றம் இருந்தது. நான் முதலில் காட்டிய அளவு உயரம் இல்லை. ஆனால் தெளிவாக, இழுப்புக்கு ஒரு நொடிக்கு முன்னாலிருந்து ஏறிவந்தது. முதலில் சொன்ன பதிலேதான் சரியான பதில்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் தவறால் ஒரு தாய்க்குத் தவறான முடிவு போகவில்லை. ஆனால் என்னால் முடியவில்லை. பதில் சரியாக வந்ததால் என் வேலை சரியாகிவிடவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். அதோடு, ஏற்றம் இல்லை என்று வந்திருந்தால் அந்தக் குழந்தை வீட்டுக்குத் திரும்பியிருக்குமே என்ற நினைப்பும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தார்கள். இந்த முறை புஷ்பாவும் வந்திருந்தார், இடுப்பில் யாழினியோடு. நாற்பது வயது இருக்கும். நெற்றியில் தழும்போடு இருந்த குழந்தை அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பக்கம் சாய்ந்தது. புஷ்பா இடுப்பை மாற்றிக்கொண்டார். தனம் சேலை முந்தானையை வலது கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் சொன்னேன். விதிப்படி செய்யவில்லை, அதனால் வேறொருவரை வைத்து மறுபடி பார்த்தோம், பதில் மாறவில்லை என்று. புஷ்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொத தபா தப்பாப் பாத்தீங்க. இந்தத் தபா சரின்னு யாரு சொல்றது? இன்னொரு வாரம் கழிச்சு இன்னொருத்தர் வந்து சொல்லுவாங்களா?"

மூர்த்தி சார், "நீங்க கேக்கறது சரி" என்றார். பிறகு, பத்து நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார முடியுமா, ஊசி மருந்து எதுவும் இல்லை, விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று அவரிடமே கேட்டார்.

"எனக்கு என்ன வியாதி? எனக்கு எதுக்கு?"

"வியாதி இல்லாத ஒருத்தர் கை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தான்."

புஷ்பா குழந்தையை மணியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பயப்படவில்லை என்று காட்டுவதற்காக உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் ஜெல் வைத்தேன். புள்ளி சுற்றியது. தோன்றும்போது அழுத்துங்கள் என்றேன். மிகவும் கவனமாகச் செய்தார். ஒவ்வொரு தடவையும் புள்ளி இருந்த இடத்தைத் திருத்தமாகச் சொன்னார். நாற்பது தடவை ஆனது. பொத்தான் அழுத்திய கணம் கணினிக்கே தெரியும் என்பதால் இதற்குக் கண்ணால் குறி போட வேண்டியதில்லை. சராசரி உடனே திரையில் வந்தது.

சார் ஸ்கேலை வைத்துக் காட்டினார். இது நீங்கள் அழுத்திய கணம். இது அழுத்தத் தோன்றியதாக நீங்கள் சொன்ன கணம். கோடு ஏறத் தொடங்கியது இங்கே. ஸ்கேலின் மறு முனையில் இருந்தது அது. புஷ்பா வெகு நேரம் பார்த்தார்.

"நான் நெனச்சப்பதான் அழுத்துனேன் சார்."

"ஆமா. பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. அதுக்கு முன்னாடியே இது ஏறியிருக்கு. உங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கடைசியில நான்தான் அழுத்தறேன்னு உங்களுக்குத் தோணுது. அவங்களுக்கு அந்தக் கடைசி மட்டும் வரமாட்டேங்குது. மீதி எல்லாம் உங்க கோடு மாதிரியேதான்."

பக்கத்தில் தனத்தின் கோட்டை வைத்தார். இரண்டும் ஒன்றுபோல் இல்லை, ஆனால் ஒரே ஜாதி என்று யாருக்கும் தெரியும். மணி எட்டிப் பார்த்தார். தனம் பார்க்கவில்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பா தலையில் ஒட்டிய ஜெல்லைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சரி சார். அவ வேணும்னு பண்ணல. ஒத்துக்குறேன். மறுபடி புள்ளையக் கீழ போடமாட்டான்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"முடியாது" என்றார் சார். "பயிற்சிக்கு வந்தா குறையும். எப்பன்னு சொல்ல முடியாது."

நான் அந்த நொடியில் அவர்மேல் கோபப்பட்டேன். கொஞ்சம் நம்பிக்கையாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. புஷ்பாவின் முகம் இறுகியது. அவர் எழுந்து மணியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். இனி கிளம்பிவிடுவார்கள் என்று கதவைத் திறந்தேன்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் புஷ்பா நின்றார். யாரும் எதிர்பார்க்காதபடி தனத்தைப் பார்த்து, "கீழ உக்காரு" என்றார்.

தனத்துக்குப் புரியவில்லை.

"தரையிலடி. செவத்துல சாஞ்சு உக்காரு. தரையில உக்காந்தா புள்ள எங்க போய் வுழும்?"

தனம் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புஷ்பா குனிந்து குழந்தையை அவள் மடியில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வலது தோள் வெட்டி இழுத்தது. முந்தானை சுற்றிய கை சுவரில் மோதியது. யாழினி திரும்பிப் பார்த்தாள், அந்த முந்தானை முனையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

புஷ்பா மெல்லத் தன் கையை எடுத்தார். இரண்டு வாரம் ஈஜிபுராவில் வந்து இருப்பதாகவும், தூக்குவதும் குளிப்பாட்டுவதும் தான்தான் என்றும், மற்ற நேரம் குழந்தை இப்படித் தரையில் இருக்கட்டும் என்றும் மணியிடம் சொன்னார். தம்பியிடம் உத்தரவு போடுகிற குரல்தான். பிறகு தனத்திடம் சொன்னார்:

"எழுந்திரிக்கறப்ப எங்கிட்ட குடு. அதுவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்."

தனம் எழுந்திருக்கவில்லை. அடுத்த நோயாளியை நாங்கள் பின்பக்க வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொண்டோம்.